ஐயம் இல்லாத துணிவு

சொற்களுக்கும் பிறந்த வீடு உண்டு. புகுந்த வீடும் உண்டு. பிறந்த வீட்டில் எளிய பொருளோடு உலவிய சொல், புகுந்த வீட்டில் வேறோர் ஒப்பனையோடு நிற்பதைக் காண்கிறோம். மொழியைப் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் அச்சொல்லின் பிறந்த வீட்டைத் தேடிச் செல்வதில் தனி இன்பம் உண்டு. ஆயின், சில சொற்கள் அவ்வின்பத்தோடு நம்மை விடுவதில்லை. நம் தெருவையும் நம் ஊரையும் நம் நெஞ்சையும் திரும்பிப் பார்க்குமாறு செய்துவிடுகின்றன. ஆராயும் முன்னரே தீர்ப்புக் கூறுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அத்தகையன. மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அவை வெறும் அகராதிச் சொற்கள் அல்ல.

இலத்தீன் வீடு

'பிரெஜுடிஸ்' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் இலத்தீன் வடிவம் 'ப்ரேயூடிகியும்' என்பதாகும். 'ப்ரே' என்றால் முன். 'யூடிகியும்' என்றால் தீர்ப்பு. தீர்ப்பு வழங்குவோனை இலத்தீனியர் 'யூடெக்ஸ்' என்றனர். சட்டத்தைச் சொல்பவன் என்பது அதன் பொருள்.

வியப்பு யாதெனில், பிறந்த வீட்டில் இச்சொல் பழிச்சொல்லாக இல்லை என்பதே. உரோமானியர் மன்றத்தில் முதன்மை வழக்கைத் தொடங்கும் முன் சில வினாக்களுக்கு விடை காணவேண்டியிருந்தது. வழக்கில் நிற்பவர் அடிமையா, உரிமை பெற்றவரா என்பது போன்ற வினாக்கள் அவை. அவற்றை முற்பட விசாரித்து முடிவு செய்யும் நடைமுறைக்கே அப்பெயர் வழங்கியது. அங்கே 'முன்' இருந்தது, 'விசாரணையும்' இருந்தது. காலப்போக்கில் முன்னர்க் கூறப்பட்ட முடிவு பின்னர் வரும் வழக்கைச் சாய்த்துவிடும் என்பது உணரப்பட்டது. எனவே 'கேடு', 'தீங்கு' என்னும் பொருள்கள் அதனோடு ஒட்டிக்கொண்டன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தபோது அச்சொல் இவ்விரு பொருளையும் சுமந்தே வந்தது. இன்றும் வழக்கறிஞர்கள் தம் கடிதத்தின் தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று எழுதுகின்றனர். தம் கட்சிக்காரரின் உரிமைக்குக் கேடின்றி எழுதப்படுவது என்பது அதன் கருத்து. ஒருவன் நெஞ்சில் தோன்றும் முன்முடிவும், அதனால் மற்றொருவனுக்கு விளையும் கேடும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது சிந்திக்கத்தக்கது.

இதன் உறவினர் பலர். 'ப்ரிஸ்யூம்' என்பது முன்னதாகவே எடுத்துக்கொள்ளுதல். 'பிரிமெச்சூர்' என்பது காலத்துக்கு முன் கனிதல். நம் வீட்டுப் பெரியவர்கள் 'பிஞ்சிலே பழுத்தது' என்பர். 'பிரிசிப்பிடேட்' என்பதில் தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல் மறைந்திருக்கிறது. தலை முந்த வீழ்தலே அதன் வேர்ப்பொருள். நம் வழக்கில் இதற்கு 'எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்தல்' என்னும் அழகிய தொடர் உண்டு. 'கன்க்ளூஷன்' என்பது அடைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. முடிவுக்கு வருதல் என்பது கதவை அடைத்தல். வருவோர் அனைவரும் உள்ளே வந்து சேரும் முன் கதவை அடைத்துவிட்டால், வெளியே நிற்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

சாய்ந்த பந்தும் வார்த்த அச்சும்

'பயஸ்' என்னும் சொல் சாய்வைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் ஆங்கிலேயர் விளையாட்டு ஒன்றில், ஒரு பக்கம் கனம் மிகுந்த பந்து நேராக ஓடாமல் ஒதுங்கி ஓடும். அவ்வொதுக்கத்துக்கே இப்பெயர் வழங்கிற்று. எறிபவன் நேராகவே எறிந்தாலும் பந்து வளைந்தே செல்லும். நம் முன்னோர் இதனைக் 'கோட்டம்' என்றனர். வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். நடுவுநிலை பிறழ்தலை வளைவாகக் காண்பதில் இரு மொழியாளரும் ஒன்றுபட்டிருப்பது நோக்கத்தக்கது.

'ஸ்டீரியோடைப்' அச்சகத்தில் பிறந்த சொல். கெட்டியானது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையும், அச்சு என்னும் பொருள்தரும் சொல்லையும் இணைத்துப் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மன் தீதோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கோத்த பக்கத்தை அப்படியே ஒரே தகடாக வார்த்துவிட்டால், மீண்டும் கோக்க வேண்டியதில்லை. வேண்டிய படிகளை அடித்துக்கொள்ளலாம். ஆனால் வார்த்த தகட்டில் ஓர் எழுத்தைக்கூட எளிதில் மாற்ற இயலாது. அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922ஆம் ஆண்டில் பொதுமக்கள் கருத்தைப் பற்றி எழுதிய நூலில், மனிதர் உள்ளத்தில் வார்த்து வைத்துள்ள படங்களுக்கு இச்சொல்லை ஆண்டார். அன்றுமுதல் அச்சகச் சொல் மனத்தின் சொல்லாயிற்று.

ஜேன் ஆஸ்டின் 1813ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் புதினத்தை ஆங்கிலம் பயிலும் மாணவர் அறிவர். அதன் முதல் வடிவத்துக்கு அவர் இட்டிருந்த பெயர் 'முதற் பதிவுகள்' என்னும் பொருளுடையது. முதலில் நெஞ்சில் விழும் பதிவு, பின்னர் முன்முடிவாக இறுகிவிடுகிறது என்பதைத் தலைப்பு மாற்றமே உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

ஒரு சோறு பதம்

ஒன்றைக் கண்டு பலவற்றை அறிதல் குற்றமா என்று கேட்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழியன்றோ? குற்றமன்று. அவ்வாறு அறியாவிட்டால் அடுப்பங்கரையில் ஒரு நாளும் கஞ்சி வடிக்க இயலாது. சட்டமும் இதனை ஏற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஊகிக்கலாம், ஊகிக்க வேண்டும், முடிவான சான்று என மூன்று படிகளை வகுத்தது. அதனிடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாக்ஷிய அதினியமும் அம்மூன்றையும் தன்னுள் கொண்டுள்ளது. முதலிரு படிகளிலும் மறுத்து மெய்ப்பிக்க வழி திறந்தே இருக்கிறது.

பழமொழியின் உயிர் 'பானை' என்னும் சொல்லில் உள்ளது. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஆதலால் ஒரு சோறு மற்றச் சோறுகளுக்குச் சான்றாகிறது. ஓர் ஊர் ஒரு பானையன்று. ஒரு சமயத்தார் ஒரு பானையல்லர். ஒரே தெருவில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரு வீடுகளில்கூட உலை வேறு, தீ வேறு.

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் கால்நடைச் சந்தை கூடும். நெல்லை மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆடுகள் வந்து சேரும். வாங்க வருபவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார். தூக்கி எடையை மதிப்பார். நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். இன்ன ஊர் ஆடு என்று கேட்ட அளவில் விலை பேசி முடிப்பவர் இலர். ஓர் ஆட்டுக்குக் காட்டும் இப்பொறுமையை ஓர் ஆளுக்கு நாம் காட்டுகிறோமா என்பதே வினா.

அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதற்கொரு தெளிவான எல்லைக்கோடு இட்டார். முன்கூட்டிய கணிப்பு எல்லோர்க்கும் உண்டு. புதிய உண்மை எதிர்ப்பட்டபின்னும் மாற மறுப்பதே முன்முடிவு என்பது அவர்தம் கருத்தாகும். ஆகவே குற்றம் முந்துதலில் மட்டும் இல்லை; திரும்ப மறுத்தலில் உள்ளது.

மன்றத்தின் தமிழ்

நம் நீதிமன்றத் தமிழ் வியப்புக்குரியது. வக்கீல், கைது, ஜாமீன், ஆஜர், ரத்து, முன்சீப், அசல், நகல் ஆகிய யாவும் அரபு வேர் கொண்டவை. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே ஆட்சிமொழியாய் வந்து தமிழரின் அன்றாடச் சொற்களாயின. இவற்றுள் 'முன்சீப்' என்பதற்கு நீதி வழங்குபவர் என்பதே பொருள். சரிபாதியைக் குறிக்கும் வேரோடு அது உறவுடையது. இருதரப்புக்கும் பாதி பாதியாய்ச் செவி கொடுப்பவர் என்று நாம் அதனை நயம்படக் கொள்ளலாம்.

ஆயின், அம்மன்றத் தமிழிலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை நம் குற்றவியல் மன்றங்களில் 'எதிரி' என்று எழுதுகின்றனர். எதிர்த்தரப்பில் நிற்பவர் என்னும் அளவில் அதற்குப் பொருள் உண்டு. ஆயினும் கேட்போர் செவியில் பகைவன் என்றே அது ஒலிக்கிறது. செய்தித்தாள்களோ இன்னும் ஒரு படி முந்துகின்றன. கைது செய்யப்பட்ட மறுநாளே 'குற்றவாளி பிடிபட்டான்' என்னும் தலைப்பைக் காண்கிறோம். வழக்கு மன்றம் ஏறவில்லை, சாட்சி கூண்டேறவில்லை, தீர்ப்பு மட்டும் அச்சேறிவிட்டது. ஆண்டுகள் பல கழித்து அவர் விடுதலையாகும்போது அச்செய்தி உள்பக்கத்தின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். 'விசாரணைக் கைதி' என்னும் தொடரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். விசாரணை முடியவில்லை, கைது முடிந்துவிட்டது. 'ப்ரேயூடிகியும்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமா?

உடைத்துப் பார்த்த சிலம்பு

தமிழிலக்கியத்தில் இதன் பெரும் எடுத்துக்காட்டைச் சுட்ட வேண்டுவதில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். அரசியின் ஊடல் தீர்க்க விரைந்து சென்றுகொண்டிருந்த ஒருவன், வழியில் ஒரு பொற்கொல்லன் கூறிய ஒரு சொல்லைக் கேட்டான். அப்பொற்கொல்லனே அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் என்பது அவனுக்குத் தெரியாது. கோவலனை அவன் காணவும் இல்லை. ஒரு வினாக்கூட வினவவும் இல்லை.

பின்னர்க் கண்ணகி அவை புகுந்து வழக்குரைத்தபோது நடந்தது யாது? ஒரு சிலம்பு உடைக்கப்பட்டது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகி சிலம்பில் தெறித்தது மாணிக்கம். உண்மை வெளிப்படச் சில நொடிகளே ஆயின. நான் இப்பகுதியைப் பாடம் நடத்துந்தோறும் என்னை வாட்டும் எண்ணம் இதுவே: அதே சிலம்பு கோவலன் கையிலும் இருந்தது. அதே பரல்கள் அப்போதும் உள்ளே இருந்தன. கேள்வியை முன்னே கேட்டிருந்தால், சிலம்பை உடைப்பதோடு காரியம் முடிந்திருக்கும். கேட்கப் பிந்தியதால் ஒரு மன்னனும் ஒரு மாநகரும் அழிந்தன.

வள்ளுவர் பொருட்பாலை அமைத்த முறையும் இங்கு நினையத்தக்கது. நாற்பத்தேழாம் அதிகாரம் முதல் ஐம்பத்திரண்டாம் அதிகாரம் வரை தலைப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். ஆறு தலைப்புகளிலும் தெரிதலும் அறிதலுமே முன் நிற்கின்றன. செயலும் தெளிதலும் பின்னரே வருகின்றன.

தொட்டிலில் எழுதிய தீர்ப்பு

தனி மனிதனின் அவசரத்தைவிடக் கொடியது சட்டமே அவசரப்படுவது. ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் ஒன்றை இயற்றியது. பின்னர் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு குலத்தில் பிறந்தமையே குற்றத்துக்குச் சான்று என்பது அதன் உட்கிடை. கைரேகை பதித்தல், காவல் நிலையத்தில் ஆஜராதல், ஊரை விட்டு வெளியேற அனுமதி பெறல் என அதன் பிடி நீண்டது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் இதனை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிகள் வெடித்தன. உயிர்கள் பல மடிந்தன. நாடு முழுமையிலும் அச்சட்டம் நீங்கியது 1952ஆம் ஆண்டில்தான். அப்பட்டியலில் இருந்தோரைத் தமிழ்நாட்டில் இன்று 'சீர்மரபினர்' என்கிறோம். ஒரு பழிச்சொல்லைத் துடைக்க ஒரு மதிப்புச் சொல்லைத் தேடவேண்டியிருந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கே தீர்ப்பு எழுதிவிட்ட அச்சட்டத்தை, முன்முடிவின் முழு உருவம் எனலாம்.

ஊரின் பெயர்

இனி என் ஊருக்கு வருகிறேன். பாளையங்கால்வாய் பாயும் ஊர். தறியும் பீடியும் சோறிட்ட ஊர். 1994ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதனுள் ஒன்றான ஊர். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அக்கொடுமையைச் செய்தோர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதன்பின் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் ஊர்கள் பலவற்றின் பெயரைக் கேட்ட அளவிலேயே முகங்கள் மாறலாயின. அவ்வழக்கில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்து, 2007ஆம் ஆண்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும் உண்டு. அவர்களுக்கு அந்த ஒன்பது ஆண்டுகளைத் திருப்பித் தரும் சட்டப்பிரிவு எந்த நூலிலும் இல்லை.

அந்நாளில் பெருநகர் ஒன்றில் வாடகைக்கு வீடு தேடிச் சென்றேன். வீட்டுக்காரர் அன்போடு அமரச் செய்து, தண்ணீர் தந்து, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்தார். "சொந்த ஊர் எது தம்பி?" என்றார். சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மறந்தே போனேன்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அச்சமே இருந்தது. அவர் நெஞ்சில் யாரோ எப்போதோ வார்த்து வைத்த தகட்டில் நான் இன்னோர் அச்சுப்படியானேன். அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மாணவர் ஒருவர் வேலைக்கான விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். தாயார் பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை. "சார், முகவரியில் மேலப்பாளையம் என்று எழுதவா, திருநெல்வேலி என்று மட்டும் எழுதவா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதாயில்லை. கொள்கை பேசுவது எனக்கு எளிது. வேலை வேண்டியது அவருக்கு. "திருநெல்வேலி என்று எழுதுவது பொய்யன்று. ஆனால் ஊரை மறைத்துப் பெற்ற இடத்தில் நாள்தோறும் ஊரை மறைத்துக்கொண்டே இருக்க நேரும். அந்தச் சுமையையும் கணக்கிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். அவர் சற்று நின்று யோசித்தார். பின்னர் என் மேசையிலேயே வைத்து, தெருப்பெயரையும் மேலப்பாளையத்தையும் திருநெல்வேலியையும் முறையாக எழுதினார்.

அவ்விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. ஊர்ப்பெயரே காரணம் என்று அவருடைய நண்பர்கள் உறுதியாகக் கூறினர். "அதுவும் நமக்குத் தெரியாதே சார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்களோ?" என்றார் அவர். பிறர் தம்மீது செய்யக்கூடிய குற்றத்தைத் தாம் பிறர்மீது செய்ய அவர் மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் நடுவுநிலை எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது.

ஐயமும் சந்தேகமும்

அகப்பொருள் இலக்கணம் கைக்கிளையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என நான்காக வகுக்கிறது. சோலையில் தனித்து நிற்கும் பெண்ணைத் தலைவன் காண்கிறான். கண்டவுடன் துணிந்துவிடவில்லை. இவள் அணங்கோ, மானிடப் பெண்ணோ என ஐயுறுகிறான். வாடும் மாலை, இமைக்கும் கண், நிலம் தோயும் அடி எனச் சான்றுகளைத் தேடுகிறான். அதன் பின்னரே மானிடப் பெண் எனத் துணிகிறான். உணர்ச்சி மேலோங்கும் காதலிலும் காட்சிக்கும் துணிவுக்கும் இடையே ஐயத்தை நிறுத்தியவர்கள் நம் இலக்கணிகள். முன்முடிவு என்பது வேறொன்றன்று. ஐயம் என்னும் நடுப்படியைத் தாண்டிக் காட்சியிலிருந்து துணிவுக்குப் பாய்வதே.

ஐயமும் சந்தேகமும் ஒன்றெனக் கருதுவோர் உளர். எனக்கு அவை இரண்டும் வேறு வேறாகவே தோன்றுகின்றன. ஐயம் என் கண்ணைப் பற்றியது: நான் காண்பது சரிதானா? சந்தேகம் எதிரில் நிற்பவனைப் பற்றியது: இவன் நல்லவன்தானா? முன்னது என்னை விசாரிக்கச் செய்கிறது. பின்னது அவனை விசாரிக்காமலே ஒதுக்கச் செய்கிறது. திருக்குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், பிறரைப் பற்றிய வீண் ஊகங்களை விலக்குமாறும் பணிப்பதை நம்மிற் பலர் அறிவோம். அறிந்தும் நம் தெருக்களில் யாது செய்கிறோம்? வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவனை, நம் தொழில் செய்யாதவனை, நம்மைப்போல் உடுத்தாதவனை, ஒரு சோறு பதமாகக் கொண்டு எத்தனை முறை எடைபோடுகிறோம்! நம்மீது சாய்ந்த பந்தை உருட்டுகிறார்கள் என முறையிடும் உரிமை நமக்கு உண்டு. அதே பந்தை நாம் உருட்டாதிருக்கும் கடமையும் உண்டு.

'பிரெஜுடிஸ்' என்பதற்குத் தப்பெண்ணம், ஒருதலைச் சார்பு, முன்முடிவு எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. அவற்றுள் 'முன்முடிவு' என்பதையே நான் விரும்புகிறேன். காரணம் உண்டு. தமிழில் 'முடிதல்' என்பதற்கு நிறைவுறுதல் என்னும் பொருளோடு கட்டுதல் என்னும் பொருளும் உண்டு. கூந்தலை முடிகிறோம், பணத்தை முந்தானையில் முடிகிறோம். இலத்தீன்காரர் முடிவைக் கதவாகக் கண்டனர். நம் மொழி அதனை முடிச்சாகக் காண இடந்தருகிறது. முந்திப் போட்ட முடிச்சையும் பொறுமையோடு அமர்ந்தால் அவிழ்த்துவிடலாம். எங்கள் ஊர்த் தறிகளின் முன் அமர்ந்தவர்கள் அதை அறிவார்கள்: சிக்குண்ட இழையை இழுத்தால் அறும், நுனியைத் தேடினால் பிரியும்.

அன்பு மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், செய்தியாளராகலாம், வீட்டுக்கு உரிமையாளரும் ஆகலாம். உங்கள் எதிரில் ஒருவர் வந்து நின்று தம் பெயரையும் ஊரையும் சொல்லும்போது, துணியும் முன் ஒரு நொடி ஐயுறுங்கள். அவர்மீது அன்று, உங்கள் கண்மீது. அந்த ஒரு நொடியில்தான் நீதி குடியிருக்கிறது.